தறி நின்ற அன்று தெரிந்தது

மே 5, செவ்வாய்

வெயில். ஒன்பது மணிக்கே கரண்ட் கட், மாதப் பராமரிப்பு. எங்கள் பட்டறையின் பன்னிரண்டு விசைத்தறியும் நின்றாயிற்று. குமாரபாளையமே செத்த மாதிரி.

பிப்ரவரியில் இப்படி ஒரு நாளில்தான் தெரிந்தது. அக்கா மகள் நிலாவின் முதுகுக்குப் பின்னால் சோற்றுக் குண்டான் விழுந்தது. தெரு நாய் குரைத்தது. அவள் திரும்பவில்லை. மூன்று வயது. அவளுக்குக் காது கேட்காதென்று இத்தனை நாள் எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. தறி ஓடும் இரைச்சலில் இங்கே யாரும் குரலில் பேசுவதில்லை. உதட்டசைவு, கை ஜாடை. அவளும் உதட்டைப் பார்த்தாள், கையைக் காட்டினாள். கெட்டிக்காரி என்றோம். பேச்சு வராததற்கு அம்மாவின் பதில்: "அப்பன் மாதிரி. மெதுவாத்தான் பேச்சு வரும்."

வாங்க: கிராம்பு, பல் வலிக்கு.

மே 7, வியாழன்

சேலம். காது டாக்டர். மரபணு ரிப்போர்ட். எம்.எஸ்சி. படித்ததற்கு முதல் உபயோகம், அதை வாசித்து அக்காவுக்குச் சொன்னது.

உள்காதில் மயிர் செல்கள். மயோசின் என்றொரு மோட்டார் புரதம், அந்த நுண்மயிர்களின் நுனிவரை சரக்கு சுமந்து போக வேண்டும். நிலாவுக்கு அது ஓடவில்லை. சரக்குப் போய்ச் சேராமல் மயிர் கட்டையாகவே நின்றுவிட்டது. அந்த மரபணுவின் பழுதான பிரதி ஒன்று அக்காவிடமிருந்து, ஒன்று மாமாவிடமிருந்து. மாமா, அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. அவருக்கே அக்காவைக் கட்டிவைத்தார்கள். ஒரே பழுது இரண்டு பக்கமும் இருப்பதில் என்ன அதிசயம்.

நிலா அழ, அக்கா வெளியே தூக்கிப் போனாள். டாக்டர் என்னிடம்: "ஆபரேஷன் பண்ணிக் கருவி வெச்சா கேக்கும். தள்ளிப் போடாதீங்க. அப்பா கையெழுத்து வேணும். அடுத்த குழந்தைக்கும் இப்படி ஆக நாலுல ஒண்ணு வாய்ப்பு."

அக்காவுக்கு இப்போது மூன்றாம் மாதம். பஸ்ஸில் வரும்போது சொல்லவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மே 8, வெள்ளி

ரகளை. மாமா கையெழுத்துப் போட மாட்டாராம்.

"எங்க ரத்தத்துல கொறைன்னு அந்த டாக்டரு கடுதாசியில எழுதித் தருவானா? நானென்ன செவுடா? உங்கக்கா செவுடா?"

அம்மா: "என் தம்பியக் கொறை சொல்றதுக்கா உன்னைப் படிக்க வெச்சேன்? இவ நிலாவச் சொமந்தப்ப கிரகணத்தன்னிக்கு வெளிய போனா. அதான்."

சொந்தம் விட்டுப்போகக் கூடாதென்று பெண்ணைக் கொடுப்பார்கள். குறை வந்தால் கிரகணம். தூ.

மே 10, ஞாயிறு

மாமாவைத் தனியாகப் பிடித்தேன். நாலில் ஒன்று என்று சொன்னேன். பீடி இரண்டு பிடித்தார்.

"ஏம்புள்ள, இத உங்கக்காகிட்ட சொல்லிப்போடாத. ஊர்ல கேட்டா காது காய்ச்சல்ல போச்சுன்னு சொல்லு. சரீன்னா கையெழுத்துப் போடறேன். நீ வாயத் தொறந்தேன்னு தெரிஞ்சுது, கடுதாசியத் திருப்பி வாங்கிருவேன்."

சரி என்றேன். நிலாவின் காது முதலில். அக்காவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இப்படித்தான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள் போல.

மே 13, புதன்

மாமா கையெழுத்துப் போட்ட படிவம் ஆஸ்பத்திரியில் கொடுத்தாயிற்று. அடுத்த வாரம் ஆபரேஷன்.

பக்கத்துப் பட்டறை அம்மா: "ஏனுங்கம்மிணி, பாப்பாவுக்கு என்னாச்சுங்க?"

"காய்ச்சலுங்க."

நாக்கு கூசவில்லை. அதுதான் பயம்.

மாலை நான்கு. பன்னிரண்டு தறியும் ஓட்டம். அக்கா அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள். மாமா பக்கத்துத் தறியில், எங்களுக்கு முதுகைக் காட்டி. அக்கா என்னைப் பார்த்தாள். வயிற்றைத் தொட்டாள். உதடு மட்டும்: "இதுக்கும் வருமா?"

வாயைத் திறக்கவில்லை. நான்கு விரலைக் காட்டி ஒன்றை மடக்கினேன்.

அக்கா தலையாட்டினாள். மறுபடி இழையைத் தேடினாள். கைக்கு அகப்படவில்லை.

தரையில் உட்கார்ந்திருந்த நிலா எங்களையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எழுந்து போய் அப்பாவின் லுங்கியை இழுத்தாள். அவர் திரும்பியதும் சிரித்தாள். நான்கு விரலை நீட்டினாள். ஒன்றை மடக்கினாள்.