ஊதாத விசில்

ஆடி முதல் ஞாயிறு

மெயினருவியில் பெண்கள் பக்கம் போலீஸ் டூட்டி. நல்ல கூட்டம். யாரையும் அதிக நேரம் நிற்க விடாமல் விசிலடித்து நகர்த்த வேண்டும்.

மதியம் வரிசையில் கவுன்சிலிங் மேடம் வந்தார். செவ்வாய்தோறும் தென்காசிக்குப் போய் நான் பேசுவது அவரிடம்தான். நெஞ்சு படபடப்பதும், காரணமில்லாமல் அழுகை வருவதும் அவருக்கு மட்டுமே தெரியும். வீட்டில் இடுப்புவலிக்கு வைத்தியம் என்று சொல்லியிருக்கிறேன்.

"வெளியில பார்த்தா நானா பேச மாட்டேன். நீங்க பேசினா பேசுவேன்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார். அதேபோல என்னைத் தெரியாதவராக அருவிக்குள் போனார்.

கண்ணை மூடி நின்றவர் நகரவே இல்லை. தோள் குலுங்கியது. அழுகிறாரா, தண்ணீர் அடிக்கிற வேகமா, தெரியவில்லை.

"ஏட்டி, ஊதேன்! எவ்வளவு நேரமா நிக்குதா பாரு" என்றார் கூட டூட்டியில் நின்ற சரசு அக்கா.

"நிக்கட்டும்க்கா."

"தெரிஞ்சவளா?"

"இல்லக்கா."

தலையைத் துவட்டிக்கொண்டு, என்னைப் பார்க்காமலே போய்விட்டார். நான் பேசியிருக்கலாம்.

போய் உட்கார்ந்ததும் வாராவாரம் அவர் கேட்கிற முதல் கேள்வி, "நல்லா தூங்கினீங்களா?"

இந்தச் செவ்வாய் நான் முந்திக்கொள்ள வேண்டும்.