ஊரே போட்ட கார்டு

அன்னூர்,
ஆடி, 1996

அகில உலக வெள்ளை ஈ ஆராய்ச்சிப் பேரரசி, என் அக்காள் பெற்ற கண்ணுக்கு,

நம் பருத்திக் காட்டு வெயிலில் வருடக்கணக்கில் நின்று நீ எழுதிய கட்டுரை வெளிநாட்டு இதழில் வந்ததைக் கேட்டு, நம்மூர் பஸ்களெல்லாம் நடுரோட்டில் நின்று கும்பிட்டன.

ஒரு நகல் கேட்டதற்கு என்ன சொன்னாய்? "உரிமையை அவங்களுக்கே எழுதிக் குடுத்துட்டனுங்க மாமா. அந்த இதழை வாங்க எங்க லைப்ரரிக்கே கட்டுபடியாகலீங்க. நகலெடுத்து ஊருக்குள்ள குடுக்கக் கூடாதுங்க."

காடு என்னுடையது, ஈயும் என்னுடையது, படிக்க மட்டும் லண்டன் போக வேண்டுமா? நான் விட்ட பெருமூச்சில் பவானி ஆறு பின்னோக்கி ஓடியது.

விஞ்ஞானிகள் கார்டு போட்டுக் கேட்டால், எழுதியவர் தன் கையிலிருக்கும் பிரதியை அனுப்புவது வழக்கம் என்றும் நீதான் சொன்னாய். ஆகவே ஊரையே விஞ்ஞானிகளாக்கிவிட்டேன். தபால்காரர் மூட்டையோடு வருவார், பயப்படாதே. பக்கத்துத் தோட்டத்து அப்புசாமி எழுதியதை மட்டும் இங்கேயே சொல்கிறேன்: "ஏனுங்க அம்மணி, வெள்ளை ஈக்கு மருந்தடிக்கிறதை எவ்வளவு கொறைக்கலாம்னு சொல்லிப்போடுங்க. இங்கிலீசு வேண்டாமுங்க."

அதுதான் சரி. உன் சொந்த வார்த்தையில் தமிழில் எழுதி அனுப்பு. எந்த லண்டன்காரனாவது கேட்டால் என்னிடம் அனுப்பு.

அத்தைக்கு இருமல் பரவாயில்லை. மருந்தடிக்கும் வாரங்களில் மட்டும் கொஞ்சம் அதிகம், அதை விடு. ஆவணியில் விதைக்கிறோம். அதற்குள் நீ எழுதினால், இந்த வருடம் அவள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் காட்டுக்கு வந்து என்னைத் திட்டலாம். போன வருடம் அவள் திட்டு இல்லாமல் எனக்குப் பருத்தியே வெடிக்கவில்லை.

இப்படிக்கு,
திட்டு வாங்கக் காத்திருக்கும்
உன் தாய்மாமன்