கூகைக்கரட்டில் அறுபட்ட கம்பியும் செல்வி முத்துமீனாவின் காவலர் பணியும்

அனுப்புநர்:
அ. அப்துல் ஹலீம் (வயது 52),
த/பெ. அப்துல் வஹீது,
மூக்குக்கண்ணாடிக் கடை,
காஜிமார் தெரு, மதுரை.

பெறுநர்:
உயர்திரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
மதுரை மாவட்டம், மதுரை.

பொருள்: பேரையூர் வட்டம், செங்குளத்துப்பட்டி கூகைக்கரட்டின் உச்சியில் 09.02.2025 ஞாயிறு அன்று நடந்த நிகழ்வு – பாதிக்கப்பட்டவராகக் காட்டப்பட்டுள்ள நான் பாதிக்கப்படவில்லை எனத் தெரிவித்தல் – எதிரியாகச் சேர்க்கப்பட்டுள்ள செல்வி முத்துமீனா மீதான மேல்நடவடிக்கையைக் கைவிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: அப்பகுதிக் காவல் நிலையக் குற்ற எண் 61/2025.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்கண்ட முகவரியில் மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தி வருகிறேன். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் தேர்வில் தேறி, அமெச்சூர் வானொலி உரிமம் பெற்றவன். விடுமுறை நாட்களில் சிறு வானொலிக் கருவி, பேட்டரி, மடக்குக் கம்பு, கம்பிச் சுருள் ஆகியவற்றுடன் ஏதேனும் ஒரு மலையில் ஏறி, உச்சியில் உட்கார்ந்து, என்னைப் போன்ற மற்ற உரிமதாரர்களை அழைத்துப் பேசுவது என் பொழுதுபோக்கு. உயரத்திலிருந்து பேசினால் சிறு கருவியின் குரலும் வெகுதூரம் போகும். இதில் வருமானம் எதுவும் இல்லை. “கேக்குதா, கேக்குதான்னு கேக்குறதுக்கு மலை ஏறணுமா? அத வீட்டுக்குள்ளயே கேக்கலாமே, நான் பதில் சொல்றேன்ல” என்று என் மனைவி அஜ்மல் பீவி ஒவ்வொரு ஞாயிறும் கேட்பது வழக்கம். கேட்டுவிட்டு எலுமிச்சைச் சோறும் அவித்த முட்டையும் கட்டிக் கொடுத்து விடுவார்.

2. மலையுச்சியிலிருந்து பேசும் எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எதிர்முனையில் ஒருவர் கிடைத்ததும், நாம் நிற்கும் மலையின் பெயர், உயரம், வட்டம், மாவட்டம் ஆகியவற்றை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். பிறகு ஒருவர் குரல் மற்றவருக்கு எவ்வளவு தெளிவாகக் கேட்கிறது என்பதை எண்களால் சொல்லிக்கொள்வோம். தெரியாதவர் கேட்டால் யாரோ யாருக்கோ அளவு சொல்லிக் கொண்டிருப்பதாகத்தான் தோன்றும். இந்த வழக்கத்தில்தான் வினை தொடங்கியது என்பதால் இதைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டியதாயிற்று.

3. செங்குளத்துப்பட்டிக்குக் கரடு எனப்படும் சிறு குன்றுகள் இரண்டு இருந்தன. ஒன்று கூகைக்கரடு. மற்றொன்று ஓடைக்கு அந்தப்பக்கம் இருந்தது. இப்போது அங்கே இருப்பது தண்ணீர் தேங்கிய பள்ளம். கல் உடைக்க எடுத்துவிட்டார்கள். அதற்கு முன்பு ஒருநாள் தொப்பி போட்ட ஒருவர் கம்புடனும் பையுடனும் மேலே ஏறி, எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு லாரிகள் வந்தன, வெடி வைத்தார்கள், வீட்டுச் சுவர்களில் விரிசல் விட்டது, கண்மாய்க்கு வந்துகொண்டிருந்த ஓடைத் தண்ணீரும் நின்றுபோனது. அன்று கேட்காமல் விட்டோமே என்ற வருத்தம் அந்த ஊராருக்கு இன்றும் இருக்கிறது. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அந்தக் கரட்டுக்கு நான் போனது அதுவே முதல் தடவை. ஏறும் முன் ஊருக்குள் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

4. அன்று காலை உச்சியை அடைந்து, கம்பை நட்டு, கம்பியை ஓர் உடைமரத்துக்கு இழுத்துக் கட்டினேன். தேனியைச் சேர்ந்த சக உரிமதாரர் சுருளி அவர்கள் கிடைத்தார். வங்கிப் பணியில் ஓய்வு பெற்றவர். வழக்கம்போல மலையின் பெயரையும் உயரத்தையும் சொன்னேன். நானும் தொப்பிதான் போட்டிருந்தேன். சற்றுக் கீழே ஆட்டுக்குத் தழையும் புல்லும் அறுத்துக் கொண்டிருந்த தங்கப்பொண்ணு என்ற அம்மையாரும், அவர் மகள் முத்துமீனாவும், ஊரார் சிலரும் சத்தம் கேட்டு மேலே வந்தார்கள். மற்றவர்கள் நான் ஏதோ எனக்கு நானே பேசிக்கொண்டிருப்பதாக நினைத்தார்களாம். முத்துமீனா பட்டப்படிப்பு படித்தவர். ஆங்கிலம் புரிந்த ஒரே ஆள் அவர்தான். மலை, மீட்டர், பேரையூர் தாலுகா என்று நான் சொன்னது அவருக்கு மட்டும் சரியாகவே விளங்கியது, விளங்கியதால்தான் பதறிவிட்டார். “எம்மா, அளந்து சொல்றாய்ங்கம்மா! இதையும் அறுக்க வந்துட்டாய்ங்க!” என்று கத்தினார்.

5. எல்லோரும் சூழ்ந்துகொண்டு கூச்சலிட்டார்கள்; நீ யார், என்ன செய்கிறாய் என்று முத்துமீனாதான் முதலில் கேட்டார். “இறங்க விடாதீங்க, கட்டிப் போடுங்க” என்று ஒருவர் சொன்னது உண்மை. நான் பயந்துவிட்டேன் என்பதும் உண்மை. ஐயா அவர்கள் கவனத்துக்கு ஒரு சிறு விவரம்: எங்கள் மைக்கின் பக்கவாட்டில் ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்திக்கொண்டிருக்கும் வரை நம் குரல் போகும். விட்டால்தான் எதிர்முனைக் குரல் நமக்குக் கேட்கும். இரண்டும் ஒரே சமயத்தில் நடக்காது. பயத்தில் கையில் கிடைத்ததைக் கெட்டியாகப் பிடித்துக் கொள்வது மனித இயல்பு. என் கையில் கிடைத்தது மைக். அதை இறுகப் பிடித்ததில் பொத்தானும் அழுந்தியது. ஊராரின் கூச்சல் முழுவதும் தேனி வரை போய்க்கொண்டிருந்தது. சுருளி அவர்கள் இடைவிடாமல், “என்ன ஆச்சு, என்ன ஆச்சு” என்று கேட்டிருக்கிறார். ஒன்றும் என் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் ஒரு வார்த்தையில் தெளிவுபடுத்தியிருப்பேன். முத்துமீனா தன் கையில் இருந்த புல்லறுக்கும் அருவாளால் கம்பியை ஒரே இழுப்பில் அறுத்தார். அந்த இழுப்பில் கருவியும் பாறையில் விழுந்து அதன் மின்செருகி உடைந்தது. தேனியில் கூச்சல் சட்டென்று நின்று, வெறும் இரைச்சல் மட்டும் கேட்டிருக்கிறது.

6. ஐயா, சுருளி அவர்கள் நிலையில் யார் இருந்தாலும் என்ன செய்வார்கள்? ஆபத்தில் ஒரு குரல் கேட்டால் அதைக் கேளாததுபோல் விடக் கூடாது என்பது எங்கள் அனைவருக்கும் முதல் பாடம். புயல் வெள்ளக் காலங்களில் கருவியை விட்டு எழுந்திருக்காத மனிதர் அவர். உடனே காவல் கட்டுப்பாட்டு அறைக்குத் தொலைபேசியில் சொன்னார். அவர் செய்தது மிகச் சரி. அந்தச் சரியான செயலால் ஒரு பெண்ணின் வாழ்க்கை தடம் மாறிக் கிடக்கிறது என்பதை அறிந்ததிலிருந்து அவர் கருவியைத் தொடுவதில்லை. “தம்பி, அம்புட்டையும் கேட்டுட்டு நான் சும்மா இருந்திருக்கணுமா?” என்று என்னிடம் கேட்கிறார். இல்லை என்றுதான் சொன்னேன். அவருக்கு அது ஆறுதலாக இல்லை.

7. அவர் தகவல் சொல்லிக்கொண்டிருந்த அதே நேரத்தில் மேலே எல்லாம் முடிந்துவிட்டது. பையிலிருந்த என் உரிமத்தை எடுத்து நீட்டினேன். முத்துமீனா அதை நிதானமாகப் படித்தார். முகம் சுருங்கிப்போனது. “சார், இம்புட்டு ஒசரம் ஏறி வந்தது இதுக்குத்தானா? சும்மா பேசவா?” என்றார். ஆமாம் என்றேன். என் மனைவியின் கேள்வியையே அவரும் கேட்டதால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது; அதைப் பார்த்து அவர்களும் சிரித்தார்கள். பின்னால் நகர்ந்தபோது நானே சறுக்கியதில் முழங்கை சிராய்ந்திருந்தது. முத்துமீனா தன் தலையில் கட்டியிருந்த துண்டைக் கிழித்துக் கட்டுப் போட்டார். அறுபட்ட கம்பியின் இரு முனைகளையும் பல்லால் சீவி, முறுக்கி, தானே ஒன்று சேர்த்தார். கருவி உயிர் பெறவில்லை. அந்த உச்சியில் கைபேசிக்கும் சிக்னல் இல்லை. ஆகவே நான் நலமாக இருக்கிறேன் என்று சொல்ல வழி இல்லாமல் போயிற்று. இப்படி ஒரு தகவல் போயிருக்கும் என்றும் எனக்குத் தெரியாது. எலுமிச்சைச் சோற்றைப் பங்கிட்டு உண்டோம். தங்கப்பொண்ணு அம்மையார் தன் தூக்குவாளியிலிருந்து நீராகாரம் தந்தார். காவலர் தேர்வில் தேறி, ஆணைக்குக் காத்திருப்பதாக முத்துமீனா சொன்னதும் அப்போதுதான்.

8. பேசிக்கொண்டே இறங்கிவந்தபோது அடிவாரத்தில் காவல் வாகனங்கள் நின்றன. நடந்ததை அங்கேயே சொன்னேன். வந்திருந்த அதிகாரி என்னிடம் மரியாதையாகவே நடந்துகொண்டார். “ஊர்க்காரங்க சுத்தி நிக்கிறப்ப யாரும் இப்படித்தான் சொல்லுவாங்க பாய், நீங்க பயப்படாதீங்க” என்றார். நான் பயத்தில் மறைக்கிறேன் என்று நினைத்துவிட்டார். என் கையில் கட்டு இருந்தது. புல்லுக்கட்டில் அருவாள் இருந்தது. கூச்சலைக் கேட்ட சாட்சி தேனியில் இருந்தார். வெளியூரிலிருந்து தனியாக வந்த ஒரு முஸ்லிமை ஊர் கூடி அடித்ததாக நாளை ஒரு பேச்சு கிளம்பிவிடக் கூடாதே என்ற கவலையும் அவருக்கு இருந்ததை உணர்ந்தேன். அந்தக் கவலை எனக்காகப் பட்ட கவலை. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நான் கேட்காத பாதுகாப்பை எனக்குக் கொடுத்து, அதற்கான விலையை அந்தப் பெண்ணின் தலையில் கட்டிவிட்டார்கள். ஆயுதத்துடன் வழிமறித்துக் காயப்படுத்தியதாக வழக்கு பதிவாகியுள்ளது. பாதிக்கப்பட்டவர் என்று என் பெயர் இருக்கிறது; என் வாக்குமூலம் இல்லை. நிலையத்துக்குப் பலமுறை போய் வந்தேன். விசாரணைக்கு அழைக்கும்போது வந்தால் போதும் என்கிறார்கள்.

9. நான் அழைக்கப்படும் வரை பொறுத்திருக்கலாம். முத்துமீனாவால் முடியாது. தேர்வானவர்களின் நன்னடத்தைச் சரிபார்ப்பு இப்போது நடந்துவருகிறது. வழக்கு நிலுவையில் இருப்பவருக்குப் பணி ஆணை கிடையாது என்று அவரிடம் சொல்லிவிட்டார்கள். பிறர் வயலில் கூலிக்கு நின்ற குடும்பம் அது. முத்துமீனாவின் தந்தை காலத்தில்தான் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கினார்கள். அரசு வேலைக்குத் தேர்வான முதல் ஆள் இவர். தன் ஊர் மலைக்கு அந்நியர் ஒருவர் வந்ததும் ஓடிவந்து, நீ யார், என்ன செய்கிறாய் என்று கேட்டார். கேட்டது என்னை என்பதால் எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் ஒரு காவலர் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதானே, ஐயா? ஆணை வருவதற்கு முன்பே கேட்டுவிட்டார்.

10. சென்ற வாரம் தங்கப்பொண்ணு அம்மையார் பஸ் ஏறி, தல்லாகுளத்தில் வழி தப்பி, கேட்டுக் கேட்டு என் கடைக்கு வந்துசேர்ந்தார். உள்ளே வரவில்லை. வாசலில் வெயிலில் நின்றபடியே, “அண்ணே, இன்னும் எங்க மேல கோவம் போகலையா?” என்றார். புகார் கொடுத்தது நான்தான் என்று இத்தனை நாளும் நம்பியிருக்கிறார். என் கைக்குக் கட்டுப் போட்ட பிள்ளையின் மீது, என்னுடன் உட்கார்ந்து சோறு தின்ற பிள்ளையின் மீது, கீழே இறங்கியதும் நான் புகார் கொடுத்தேன் என்று அந்தத் தாய் நினைத்துக் கொண்டிருந்ததைக் கேட்டதும் நானும் வெயிலுக்கு இறங்கி வந்தேன். இல்லை என்று விளக்கினேன். நம்பினாரா என்று தெரியவில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். எனக்கு நோன்பு என்று அறிந்ததும் செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். “நீங்க பட்டினியா இருக்கையில நான் மட்டும் குடிக்கவா? வாரேண்ணே” என்று சொல்லிவிட்டு, வந்த வெயிலிலேயே திரும்பிப் போனார்.

11. ஆகவே ஐயா அவர்கள் அன்புகூர்ந்து, (அ) பாதிக்கப்பட்டவன் என்று எழுதப்பட்டிருக்கும் என்னை உடனே அழைத்து என் வாக்குமூலத்தைப் பதிவு செய்யவும், (ஆ) நேரில் வந்து சொல்ல ஆயத்தமாக இருக்கும் தேனி சுருளி அவர்களையும் விசாரிக்கவும், (இ) நிகழ்ந்தது தவறான புரிதல் என்று கண்டு வழக்கை முடித்து வைத்து, சரிபார்ப்பு முடியும் முன்பே உரிய இடத்துக்கு அதைத் தெரிவிக்கவும் பணிவுடன் வேண்டுகிறேன். என் வானொலிக் கருவி வழக்குச் சொத்தாக நிலையத்தில் இருக்கிறது. அதை நான் இம்மனுவில் கேட்கவில்லை. முத்துமீனாவின் ஆணை முதலில் வரட்டும்.

12. அன்று கரட்டின் மேல் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்ததால், பதில் கேட்க முடியாமல் போய்விட்டது. சொல்ல வேண்டியதை இப்போது சொல்லி முடித்துவிட்டேன். இனி நான் பேசவில்லை. தங்கள் பதில் ஒன்றுக்காக நானும், செங்குளத்துப்பட்டியில் ஒரு வீடும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறோம்.

இடம்: மதுரை
நாள்: 26.03.2025

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அ. அப்துல் ஹலீம்
(ஒப்பம்)

இணைப்பு:
1. அமெச்சூர் வானொலி உரிமத்தின் நகல்.
2. தேனி சுருளி அவர்கள் கையொப்பமிட்ட கடிதம்.
3. நிலையத்தார் கருவியை எடுத்துக்கொண்டபோது என் பைக்குள் தங்கிவிட்ட கம்பியிலிருந்து ஒரு சாண் துண்டு. நடுவில் உள்ள முறுக்கு செல்வி முத்துமீனா போட்டது. இழுத்துப் பார்த்தேன், விடவில்லை.