இருபத்து நான்கு சொற்களும் ஓர் உறையும்

மார்ச் 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். எழுதப்போவது: 1. போனில் இருந்த வாலட். 2. கருவி வாலட். 3. சொற்கள். 4. உங்களிடம் ஒரு சிறு குறை.

ஒன்று: வீடு வாங்க நீங்களும் பாப்பாவும் சேர்த்த கிரிப்டோ முழுவதும் போன் செயலியில் இருந்ததாக அவள் சொன்ன அன்றே உங்களைக் கூப்பிட்டுப் பேசினேன். பேரன் அதே போனில்தானே கார்ட்டூன் பார்க்கிறான்? எந்நேரமும் இணையத்தில் இருக்கும் பெட்டி கைச்செலவுக்குப் போதும். சேமிப்புக்கு ஆகாது.

இரண்டு: நான் பயந்து பயந்து சொன்னதைக் கேட்டு, இணையத்தோடு ஒட்டாத தனிக் கருவி வாலட்டைத் தயாரிப்பாளரிடமே நேராக வாங்கினீர்கள். பெரிய மனசு.

மூன்று: கருவி கெட்டாலும் பணத்தை மீட்டுத் தரும் இருபத்து நான்கு ஆங்கிலச் சொற்கள். ரயிலுக்கு நேரமாகிறதென்று துண்டுத்தாளில் கிறுக்கி, "மாமா, நல்லா எழுதி வையுங்க, போட்டோ மட்டும் எடுத்துடாதீங்க" என்று ஓடிவிட்டீர்கள். தாள் ஒரே குழப்பம். நூலகத்தில் அட்டவணை போட்டே நரைத்தவன் நான். சீராக எழுதி உறையிலிட்டு ஒட்டிவிட்டேன். துண்டுத்தாளை எரித்துவிட்டேன். வரும்போது உறையை உங்கள் கையிலேயே தருகிறேன்.

நான்கு: கோபிக்க வேண்டாம். உங்களுக்கு எதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாது. உங்கள் குடையும் கண்ணாடியும் எங்கள் வீட்டில்தான் குடியிருக்கின்றன.

அன்புடன்,
மாமனார்

ஜூன் 19

மாமா,

போன்ல பேசினா உங்க பொண்ணு காதுல விழும். அதான் எழுதுறேன். முதல்ல உட்கார்ந்துக்குங்க.

குட்டிப்பய கருவியில ரகசிய எண்ணைக் கண்டபடி அழுத்திட்டான். பல தடவை தப்பானா அது தன்னையே அழிச்சுக்கும். நான் அசரல. மாமாவோட உறை இருக்கேன்னு ஜம்பமா பிரிச்சேன். கையெழுத்து முத்து முத்தா இருக்கு. வரிசையாப் போட்டேன், ஏத்துக்கல. மறுபடியும் போட்டேன். அப்புறம்தான் கவனிச்சேன்: முதல் வார்த்தை 'ஏ'ல ஆரம்பிக்குது, கடைசி 'இசட்'ல.

அடுக்கிட்டீங்களா, மாமா?

கருவி காட்டின வரிசையிலேயே இருந்தாத்தான் அது சாவி. இருபத்து நாலு வார்த்தையை மாத்தி மாத்திப் போட்டுப் பார்க்க ஏழு ஜென்மமும் பத்தாது. அந்தத் தாளை நிஜமாவே எரிச்சிட்டீங்களா?

வரிசையைத் தப்பா எழுதினது நான்தான்னு அவகிட்ட சொல்லியிருக்கேன். திட்டுறா. பழகினதுதானே. நீங்க வாயைத் திறக்காதீங்க.

உங்க மாப்பிள்ளை

ஜூன் 24

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன்.

எரித்துவிட்டேன். அடுக்கினேன். சொற்கள் தாறுமாறாகக் கிடப்பதாக நினைத்தேன். அந்தத் தாறுமாறுதான் சாவி என்று தோன்றவே இல்லை. கண்ணை மூடி நினைவில் தேடினாலும் அகரவரிசைதான் வருகிறது.

பாப்பாவைக் கூப்பிட்டு நானே சொல்லிவிட்டேன். "என் கல்யாணத்துக்கு வந்தவங்களையே அகரவரிசையில உட்கார வெச்ச ஆளுதானேப்பா நீங்க!" என்று கத்தினாள். அப்புறம் அழுதாள். போன வீட்டுக்காக அழுகிறாள் என்று நினைத்தேன். "உங்க பேரைக் காப்பாத்தினவரை வாய்க்கு வந்தபடி திட்டிட்டேனேப்பா" என்றாள்.

மார்ச்சில் எழுதியதற்கு நகல் வைத்திருக்கிறேன். இன்று எடுத்துப் படித்தேன். முதல் இரண்டும் இப்போதும் சரி. மூன்றாவதைத் தவறு என்றால் போதாது, அது நாசம். திருத்த வேண்டியது இன்னொன்று இருக்கிறது. உங்களுக்கு எதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாது என்று எழுதியிருந்தேன்.

நான்காவது தவறு, மாப்பிள்ளை.

மாமனார்