பின்னட்டையில் சிலுவை

ஓட்டு ஒழுக்கில் என் அம்மையின் வேதாகமம் நனைந்துவிட்டது. அட்டை ஓரம் கிளம்பியதும் உள்ளேயிருந்து துருசு கலந்த பசையின் வாடை வந்தது. பூச்சி அரிக்காமல் இருக்க நீ பசையில் போடுகிற துருசு. கூட்டுக்காரி, நீ மண்ணுக்குள் போய் இத்தனை வருஷமாகியும் அந்த வாடை போகவில்லை.

நெய்யாற்றின்கரையில் கொடுத்துப் புதிதாகக் கட்டி வாங்கலாம் என்று மருமகள் நிற்கிறாள். கட்டினால் உன் கைவேலை முழுக்கப் பிரிந்துபோகும்.

ஓதுகிற அரபிக் கிதாபுகளைக் கட்டிக் கொடுக்கும் வேலை உனக்கு வாப்பாவிடமிருந்து வந்தது. தைத்துக்கொண்டே அவர் சொன்ன கதைகளைச் சொல்வாய். சீனத்துக் கைதிகள் சமர்கந்தில் காகிதம் செய்யப் படிப்பித்தார்களாம். கந்தல் துணியை இடித்துக் கூழாக்கித் தாளாக்குவார்களாம். கஞ்சி பூசிக் கல்லால் தேய்த்து மினுக்குவார்களாம். பாக்தாத்தில் ஒரு தெரு முழுக்கக் காகிதக் கடைகளும், புத்தகம் பார்த்து எழுதுகிறவர்களுமாம். நான் மூன்றாம் கிளாஸோடு நின்றவள். ஆனாலும் அந்தத் தெரு பாறசாலைச் சந்தை மாதிரி எனக்குக் கண்ணில் தெரியும்.

அதை நம்பித்தானே அம்மையின் வேதாகமத்தை உன்னிடம் தந்தேன். கிதாபு வலமிருந்து வாசிப்பது, வலப்பக்கம் தைத்திருக்கும். அந்தப் பழக்கத்தில் நீ பின்னட்டையை முன்னட்டை என்று எண்ணிச் சிலுவையை அதில் பதித்துவிட்டாய். அறுப்புப் பண்டிகையன்று வாசிக்க எழுந்து சிலுவைப் பக்கம் திறந்தால், ஆதியாகமம் இல்லை, வெளிப்படுத்தலின் கடைசித் தாள். என் நாத்தனார் சபை கேட்கச் சிரித்தாள். அவளையும் நான் மறக்கவில்லை.

மறுநாள் உன் முற்றத்தில் வந்து கத்தினேன். நீ ஊசியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"எதுக்கு பிள்ளே கெடந்து சாடுத? சீனாக்காரன் படிப்பிச்சான், சமர்கந்துக்காரன் செய்தான், பாக்தாத்துக்காரன் வித்தான். எத்தன கை மாறி வந்த சாதனம், எந்தப் பக்கம் தெறந்தா என்ன?"

"பாறசாலைக்காரி கெடுத்தா" என்றேன்.

உனக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு வரவில்லை.

பிரித்து மாற்றித் தருகிறேன் என்று பிறகு எத்தனையோ தடவை கேட்டாய். படுக்கையில் கிடந்தும் கேட்டாய்: "கொண்டு வா மக்கா, கை ஓடும்போதே மாத்தித் தாறேன்." நான் கொடுக்கவில்லை. மாற்றிவிட்டால் உன்னோடு சண்டை போட எனக்கு என்ன மிச்சம்?

மருமகளிடம் வேண்டாம் என்றுவிட்டேன். தப்பாக அல்லவா இருக்கிறது என்று அவள் கேட்டாள்.

"தப்புதான். அவ செய்த தப்பாக்கும். அதுல வேற ஆளு கை வைக்கண்டாம்."

ஆராதனையில் யாராவது அவர்கள் வேதாகமத்தை நீட்டினால், சிலுவை இல்லாத பக்கம் திறந்தே பழகிய என் கை பின்னட்டையைத்தான் முதலில் திறக்கிறது. பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அந்தக் கோபம் இன்னும் உன்பேரில் எனக்கு உண்டு.