சிவப்பு அம்பு

மார்ச் 3, செவ்வாய்

இன்று அறுநூற்றுப் பன்னிரண்டு பீஸ். கழுத்து, தோள், அக்குள், பக்கத் தையல், கீழ் மடிப்பு. உள்பக்கம் திருப்பி ஒரு முறை, வெளிப்பக்கம் ஒரு முறை. தப்பு தெரிகிற இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர். பதினொரு வருடமாக இதுதான் என் பிழைப்பு, அடுத்தவர் தைத்ததில் குற்றம் கண்டுபிடிப்பது.

ஸ்டிக்கர் தாள் ஏப்ரன் பையோடு வீட்டுக்கு வந்துவிட்டது. போன மாதத்திலிருந்தே வருகிறது. டம்ளரில் சோப்பு போகவில்லை, அதில் ஒன்று ஒட்டினேன். மகளின் வீட்டுப்பாடத்தில் ஒன்று. அவர் கழற்றிப் போட்ட சட்டையில் ஒன்று. வாயால் சொன்னால்தானே சண்டை வருகிறது? அவர் அதைப் பிய்த்துத் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டு, "மொத்தமா என்னையே ரிஜக்ட் பண்ணிடேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகள் சிரிக்கவில்லை. எட்டு வயதில் இவ்வளவு கமுக்கம் ஆகாது.

மார்ச் 4, புதன்

மகளின் படுக்கை விரிப்பை மூன்று முறை தடவிப் பார்த்தேன். ஊசி இல்லை. நான்காவது முறையும் பார்த்தேன்.

மார்ச் 6, வெள்ளி

கண்ணாடி டம்ளர் ஐந்துதான் இருக்கிறது. ஆறு இருக்க வேண்டும். கேட்டேன். இரண்டு பேரும் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "எப்படியும் கண்டுபிடிச்சிடுவேன், தெரியும்ல?" என்றேன். மகள் தலையை ஆட்டினாள். வீட்டுக்குள் எதற்கு சாக்ஸ் என்று கேட்டதற்கு, குளிருது என்றாள். இந்த வெயிலில்!

அவர் சாப்பிட்டுக்கொண்டே, "நீ முன்ன இப்படி இல்ல" என்றார். அது எனக்குத் தெரியாதா? இரண்டு வருடம் முன்பு கைக்குழந்தைக்கான கவுன் ஒன்று கடையிலிருந்து திரும்பி வந்தது. மடிப்புக்குள் ஒடிந்த ஊசி முனை. உள்பட்டையில் செக்கர் எண் 17 என்று இருந்தது. பதினேழு நான். எந்தக் குழந்தையையும் அது குத்தவில்லை. வேலையும் போகவில்லை, ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிந்தது. எல்லாருக்கும் முடிந்தது. நான் மட்டும் இன்னும் அந்த மடிப்பைத் தடவிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கவுனைப் போட்டிருக்க வேண்டிய குழந்தைக்கு நான் ஒரு முகம்கூட வைத்திருக்கிறேன். இதை யாரிடம் சொல்வது?

மார்ச் 9, திங்கள்

 எழுதாமல் இருக்க முடியவில்லை.

பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். காய்ச்சல், நொண்டுகிறாள், ஷூவைக் கழற்ற விடமாட்டேன் என்கிறாள். தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினேன். படிவம் நிரப்பிவிட்டுத் திரும்பினால் கட்டிலைச் சுற்றித் திரை போட்டிருந்தார்கள். இடுக்கு வழியாகப் பார்த்தேன். நர்ஸ் சாக்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டிருந்தார். குதிகால் வீங்கிப் பழுத்திருந்தது. காயத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு அம்பு. என் அம்பு. கூர்முனை காயத்தைப் பார்த்தபடி ஒட்டியிருந்தாள்.

"இது என்னடா கண்ணு?"

"தப்பு இருக்கற எடத்துல ஒட்டணும்."

டம்ளர் உடைந்ததாம். தானே பெருக்கினாளாம். ஒரு துண்டு குத்திவிட்டதாம். எப்போது என்று நர்ஸ் கேட்க, வியாழக்கிழமை என்றாள். நாலு நாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்" என்றாள்.

நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். தினமும் அவள் படுக்கையை நாலு தடவை தடவுகிறவள். அந்தக் காலைப் பார்க்கவில்லையே. பாவி, அந்தக் காலை ஒரு தடவை பார்த்தியா நீ?

மார்ச் 12, வியாழன்

கண்ணாடித் துண்டை எடுத்துவிட்டார்கள். அரிசி அளவுகூட இல்லை. வீட்டுக்குப் போகலாம் என்றதும் மகள் அவள் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை வீட்டுக்குப் போறேன்" என்றாள். எத்தனை நாளுக்கு என்று கேட்டார். "கால் சரியாகற வரைக்கும்" என்றாள். சொல்லும்போது என் பக்கம் பார்க்கவில்லை.

நாத்தனார் வந்து அழைத்துப் போனார். ஒரு வார்த்தை தப்பாகப் பேசவில்லை. பேசியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு பேசியிருப்பேன்.

மார்ச் 26, வியாழன்

கால் ஆறிவிட்டது. மகள் வரவில்லை.

மருத்துவர் எழுதிக் கொடுத்த மனநல ஆலோசகரிடம் போனேன். மகளுக்குத்தான் என்று நினைத்து அவளுடைய நோட்டு, ரிப்போர்ட் எல்லாம் எடுத்துப் போனேன். அந்தம்மா அவற்றை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "பாப்பா அப்புறம் வரட்டும். மொதல்ல நீங்க சொல்லுங்க, தூங்கி எவ்வளவு நாளாச்சு?" என்றார்.

என்ன கேள்வி இது? நான் என்ன பைத்தியமா என்று எழுந்துவிடப் பார்த்தேன். எழுந்திருக்கவில்லை. ஜன்னல் திரையின் கீழ் மடிப்பில் தையல் மூன்று இடத்தில் விட்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கவனித்துவிட்டார். ஊசி நூல் கொடுத்தால் இப்போதே தைத்துத் தருகிறேன் என்றேன். "இருக்கட்டும். அதப் பாத்துக்கிட்டே உங்களால உக்கார முடியுதான்னு பாப்போம்" என்று சிரித்தார்.

ஐம்பது நிமிடம் உட்கார்ந்தேன். கவுன் கதையை முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னேன். அழுதேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அழுதேன்.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஆலோசகர் கொடுத்த பயிற்சி: வாரம் ஒரு தடவை நாத்தனார் வீட்டில் மகளோடு பதினைந்து நிமிடம். என்ன விளையாடுவது என்று அவள்தான் முடிவு செய்வாள். நான் திருத்தக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது, சொல்லிக் கொடுக்கக் கூடாது. இதைச் சொல்ல ஒரு படித்த ஆலோசகர் வேண்டுமா என்று இளக்காரமாக நினைத்துத்தான் போனேன்.

குதிரை வரைந்தாள். மூன்று நிமிடம் தாக்குப்பிடித்தேன். பிறகு வாய் சும்மா இருக்கவில்லை. "ஒரு கால் குட்டையா இருக்கே."

மகள் வண்ணப் பென்சில்களை ஒவ்வொன்றாக டப்பாவில் அடுக்கி மூடினாள். "அம்மா, டைம் ஆச்சு" என்றாள். பன்னிரண்டு நிமிடம் பாக்கி இருந்தது.

ஏப்ரல் 6, திங்கள்

நான் எதற்கு அம்மா ஆனேன்?

ஏப்ரல் 16, வியாழன்

இந்த முறை அவரையும் கூட்டிப் போனேன். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவர். அடுத்த வீட்டு ஃப்ரிட்ஜைப் பற்றிக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார். தன்னைப் பற்றிக் கேட்டால் ஊமை. அங்கே பேசினார்.

"வேல முடிஞ்சதும் உடனே வீட்டுக்கு வர மாட்டேன். கீழ வண்டிலயே கொஞ்ச நேரம் உக்காந்திருப்பேன். இன்னிக்கு என்ன தப்பு பண்ணோம்னு யோசிச்சிட்டு, அதுக்கு ஒரு பதிலையும் தயார் பண்ணிட்டுதான் மேல ஏறுவேன். ஒரு நாள் எட்டிப் பாத்தா, பாப்பாவும் படிக்கட்டுல உக்காந்திருக்கா. அவளும் அதையேதான் பண்ணிட்டிருந்தா."

அவள் அப்படி உட்கார்ந்திருந்ததை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். "சொல்லிருந்தா அதுலயும் அம்பு ஒட்டிருப்ப" என்றார்.   திரும்பி வந்து வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் அவர் கீழேயே உட்காரவில்லை. என்னோடு கூடவே படியேறினார்.

ஏப்ரல் 21, செவ்வாய்

பயிற்சி: படுக்கையை ஒரு தடவை மட்டும் பார்ப்பது. பிறகு கை பரபரத்தாலும் பத்து நிமிடம் சும்மா இருப்பது. ஆறாவது நிமிடத்தில் சமையலறை மேடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளங்கை வேர்த்துக் கொட்டியது. பத்தாவது நிமிடம் வந்தது. வேர்வை நிற்கவில்லை. அவ்வளவுதான்.

ஏப்ரல் 26, ஞாயிறு

மகள் ஒரு வீடு வரைந்தாள். வேண்டுமென்றே கோட்டைத் தாண்டி வண்ணம் அடித்தாள். ஒவ்வொரு தடவையும் என் முகத்தைப் பார்த்தாள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். வானத்துக்குப் பச்சை அடித்துவிட்டு மறுபடி பார்த்தாள். "பச்சை அடிச்சிருக்க" என்றேன். "ம்" என்றாள். பதினைந்து நிமிடமும் முடிந்தது. எனக்குத் தாடை வலித்தது. அவள் படத்தை என்னிடம் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

மே 7, வியாழன்

போயிற்று. எல்லாம் போயிற்று.

மூன்றாவது லைனில் ஊசி ஒடிந்தது. சட்டம் என்னவென்றால், ஒடிந்த துண்டு எல்லாம் கிடைத்து, பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டும் வரை மிஷின் ஓடக் கூடாது. இருபது நிமிடத்தில் எல்லாம் கிடைத்துவிட்டது. ஊசி முழுசாகப் பொருந்திவிட்டது. நான் மட்டும் தரையில் மண்டியிட்டுத் தேடிக்கொண்டே இருந்தேன். பக்கத்து மேஜைக்காரி தோளைத் தொட்டு, "அக்கா, கெடச்சிடுச்சுக்கா, எந்திரிங்க" என்று எத்தனை தடவை சொன்னாளோ. சூப்பர்வைசர் பாதி நாள் லீவு போட்டு அனுப்பிவிட்டார். எல்லாரும் தள்ளி நின்று வழி விட்டார்கள்.

நேராக ஆலோசகரிடம் போனேன். இனிமேல் வரமாட்டேன், நான் பிரித்துத் தைக்கிற ஆல்டருக்குக்கூட லாயக்கில்லாத பீஸ் என்றேன். "சரி, போறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஆறு மாசம் முன்ன இப்படி நடந்திருந்தா எங்க போயிருப்பீங்க?" என்றார்.

வீட்டுக்குத்தான். வீட்டுக்குப் போய் அவள் மேல் இறக்கியிருப்பேன்.

சொல்லவில்லை. அடுத்த வியாழனுக்கு நேரம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மே 16, சனி

ஒரு நாள் இருந்து பார்க்கட்டும் என்று நாத்தனார் மகளைக் கொண்டுவந்து விட்டார். ஒரே ஒரு பை. மகள் அதைப் பிரிக்காமல் கதவோரம் வைத்துக்கொண்டாள். காலில் சாக்ஸ்.

மத்தியானம் நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் வேலைக்குப் போயிருந்தார். சமையலறையில் சடாரென்று ஏதோ உடைந்தது. பிறகு சத்தமே இல்லை. அந்த அமைதி என்னவென்று இப்போது எனக்குத் தெரியும். இனி துடைப்பச் சத்தம் வரும் என்று காத்திருந்தேன். மடித்த துணியை விடாமல் நின்றேன். சாமி, அந்தச் சத்தம் மட்டும் வரக் கூடாது.

"அம்மா!"

துணியைக் கீழே போட்டேன்.

"அம்மா, கண்ணாடிக் கிண்ணத்த ஒடச்சிட்டேன்! கால் வைக்க எடமில்ல, வா!"

ஓடினேன். அப்படியே நில்லுடி, அசையாதே என்று செருப்பைப் போட்டுக்கொண்டு போய் அவளைத் தூக்கினேன். கனத்துவிட்டாள். இரண்டு மாதத்தில் நாத்தனார் நன்றாகத்தான் சாப்பாடு போட்டிருக்கிறார். மேடை மேல் உட்கார வைத்ததும், நான் கேட்காமலே சாக்ஸைக் கழற்றி இரண்டு பாதத்தையும் நீட்டினாள்.

"பாரு. ஒண்ணுமில்ல. பழசு மட்டும்தான் இருக்கு."

பழசு இருந்தது. குதிகாலில் வெளுத்த தழும்பு. அதை விரலால் தொட்டேன். அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

"திட்டு இல்லையா?"

"கொஞ்சம் இருக்கு. அப்புறமா தர்றேன்."

யோசித்துப் பார்த்துவிட்டு, சரி என்றாள். நான் பெருக்கினேன். ஈரத் துணியால் துடைத்தேன். மறுபடி துடைப்பத்தை எடுத்தேன். மேலே இருந்து பார்த்துக்கொண்டே இருந்தவள், "அம்மா, ஆச்சும்மா" என்றாள். துடைப்பத்தை மூலையில் வைத்தேன். இன்னொரு தடவை பெருக்க வேண்டும் போலிருந்தது. வைத்துவிட்டேன்.

சாயங்காலம் நாத்தனார் போன் செய்தார், நாளைக்கு வரட்டுமா என்று. போனை மகளிடம் நீட்டினேன். "அடுத்த ஞாயித்துக்கெழம வாங்க அத்த" என்றாள். ஒரு வாரம். அதற்கு மேல் சொல்லவில்லை.

மே 17, ஞாயிறு

காலையில் காபி போட்டுக்கொண்டிருந்தேன். மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு சமையலறைக்குள் வந்தாள், வெறுங்காலோடு.