தங்கைக்காக நீ செய்த ஜெபம்

அன்பு மகனுக்கு,

ஆண்டவர் கிருபையில் அம்மா சுகமாக இருக்கிறேன், மூட்டுவலி தேவலை, நீயும் மருமகளும் பிள்ளையும் அங்கே நன்றாக இருக்கத் தினமும் வேண்டிக்கொள்கிறேன். போன மாதம் உன் தங்கை என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள், "ஏம்மா, அண்ணன் அன்னிக்கு ஆண்டவர்கிட்ட பேசினானா, என்கிட்ட பேசினானா?" என்று. அந்த ஞாயிறு மாலை வீடியோ போனில் எல்லோரும் சேர்ந்து ஜெபிக்கும்போது, "மாமியாரோடு பேசாத என் தங்கையின் கல்நெஞ்சை உடைத்துப் போடும் ஆண்டவரே" என்று நீ உருகி வேண்டினாய். சித்தப்பா வேறு வழக்கம்போல உரக்க ஆமென் போட்டுவிட்டார். நான் கண்ணைத் திறந்தபோது திரையில் அவள் முகம் இருந்த இடம் இருண்டிருந்தது. அதற்குப் பிறகு அவள் வருவதில்லை, உனக்கும் ஞாயிறானால் வேலை வந்துவிடுகிறது, சித்தப்பா வீட்டில் ஆளுக்கொரு சாக்கு. நேற்றும் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து உட்கார்ந்தேன். திரையில் என் முகம் மட்டும்தான். அதைப் பார்த்துக்கொண்டே பாட்டு முழுவதையும் பாடினேன், பாதியில் சுருதி எங்கோ போய்விட்டது, கேலி செய்யவும் ஆள் இல்லை.

நீ சொன்ன விஷயம் தப்பில்லை தம்பி. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, "பாட்டியைச் சாப்பிட வரச் சொல்லு" என்று பிள்ளையைத் தூது அனுப்புவது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் சகோதரன் தவறு செய்தால் முதலில் தனியாகப் போய்ப் பேசு, சபைக்குச் சொல்வது கடைசியில் என்றுதானே ஆண்டவர் கற்றுக்கொடுத்தார், நீ கடைசியை முதலில் செய்துவிட்டாய். வகுப்பில் கணக்கைத் தப்பாகப் போட்ட பிள்ளையை மேசைக்குப் பக்கத்தில் அழைத்து, எந்த வரியில் பிசகியது என்று சேர்ந்து பார்த்தால் அதுவே அழித்து எழுதும். எல்லார் முன்னும் வாசித்துக் காட்டினால் நோட்டை மூடிவிடும். சீடர்கள் காலில் அழுக்கு இருந்தது உண்மைதான், அதைக் கழுவ இயேசுவே குனிந்தாரே. இதையும் நம் குடும்பக் குழுவில் போடாமல் உனக்கு மட்டும் எழுதுகிறேன். அவளுக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். "என் பக்கம் என்னன்னு அண்ணனுக்காவது கேட்கத் தோணலையேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

கர்த்தர் உன் வீட்டையும் உன் வாயின் வார்த்தைகளையும் காக்கட்டும். குளிரில் வண்டி ஓட்டும்போது காதை மூடிக்கொள். நாளை வேலைக்குக் கிளம்புமுன் தங்கைக்குப் போன் போடு. வசனம் எதுவும் எடுக்காதே, "அந்த வீட்ல உனக்கு என்னம்மா கஷ்டம்?" என்று மட்டும் கேள், கேட்டுவிட்டு அவள் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இரு.

பாசமுடன்,
அம்மா